எழும்ப மாட்டன்

மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்டில்தான் எங்கள் சுகநல நிலையம் இருந்தது. தமிழ்ச் சனத்துக்காகத் தமிழ்ச் சனமே தொடங்கியது. நான் யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். அதனால் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன்.

எங்களுடைய தாதி ஒரு மாவோரிப் பெண். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அங்கே தங்களுக்கென்று தாங்களே நடத்திய நிலையமொன்றில் பல வருடம் வேலை செய்தவர். மொன்றியல்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்து இங்கே வந்திருந்தார். வருகிற ஆளிடம் முதலில் என்ன வருத்தம், எங்கே நோகுது என்று கேட்கக்கூடாது என்பார். எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று கேட்டு, சாப்பிடவும் ஏதாவது கொடுத்த பிறகுதான் வருத்தம்.

ஒரு பனிக்காலத்தில், களஞ்சியசாலையில் வேலை செய்கிற ஒரு அண்ணை இரண்டு கிழமையாக நிலையத்துக்கு வரவில்லை. நாங்கள் வீடு தேடிப் போனோம். சீனி வருத்தத்தால் காலில் புண். டொக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரி கொடுத்த மூன்று தவணையைத் தவறவிட்டாராம். 'ஒத்துழைக்காதவர்' என்று எழுதி ஆஸ்பத்திரி அவருடைய கோப்பை மூடியிருந்தது.

"கடிதம் எல்லாம் பிரெஞ்சில, தங்கச்சி. வேலையில போனும் எடுக்க விடாங்கள். நான் என்ன செய்ய?"

அடுத்த நாள் காலை மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குடும்ப டொக்டரிடம் புதுக் கடிதம் வாங்கி வந்து, வரிசையில் காத்திருக்க வேணும் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். வேறு நாளென்றால் 'மெர்சி' என்று நன்றி சொல்லித் திரும்பியிருப்பேன். இத்தனை வருடம் அப்படித்தான் திரும்பினேன். அன்றைக்கு அவளுக்கு நேரே இருந்த கதிரையில் போய் இருந்தேன்.

"ஒரு டொக்டர் இந்தக் காலைப் பாக்கும்வரை எழும்ப மாட்டன்," என்றேன், எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில்.

"செக்கியூரிட்டியைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்கோ."

மாவோரித் தாதி என் பக்கத்தில் வந்து இருந்தார். அண்ணைதான் பயந்து போனார்.

"வேண்டாம் தங்கச்சி, வாங்கோ போவம்."

"போவம் அண்ணை. ஆனா ரெண்டு காலோடயும் போவம்."

அவர் குனிந்து பூட்ஸைக் கழற்றி, புண்ணில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, காலைத் தூக்கி எதிர்க் கதிரையில் வைத்தார். நாற்றம் மண்டபம் முழுக்கப் பரவியது. எல்லாரும் திரும்பினார்கள். அவர் தலைகுனியவில்லை. பத்து நிமிடத்தில் டொக்டர் வந்தார்.

ஒரு விரல் போனது. கால் தப்பியது. 'தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை' என்று கோப்பில் எழுதும்வரை மாவோரித் தாதி விடவில்லை.

பிறகு எங்களை எச்சரிக்க ஆஸ்பத்திரி அதிகாரி ஒருவர் பேஸ்மென்டுக்கு வந்தார். தாதி அவரை இருத்தி, தேத்தண்ணியும் வடையும் கொடுத்து, நீங்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டார். அவர் வடையைச் சாப்பிட்டார், எச்சரிக்கையையும் வாசித்தார். நாங்கள் கவனமாகக் கேட்டோம். அடுத்த கிழமை இன்னொரு அக்காவோடு அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.