பழைய காரைப் பார்க்க வந்தவர்கள்

பழைய கார் விற்கிறவர்கள் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை; வாங்க வருகிறவர் தமக்கு வேண்டிய பொய்யைக் கையோடு கொண்டுவந்துவிடுவார். 'தோட்டத்துச் சாலைக்கு உழைக்கிற வண்டியாக வேண்டும்' என்பார். உண்மையில் அவருக்கு வேண்டியது, கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற வண்டி. நீங்களும் பழைய கார் ஒன்றை நம்பி வாங்கி, ஏதோ ஒரு மேட்டில் இறங்கித் தள்ளியவராகத்தான் இருப்பீர்கள். ஆகவே உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

ரப்பர் விலை விழுந்து துரைமார்கள் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஜொகூர் பாருவில், பாலத்துக்குப் போகும் சாலையில் மசாலாக் கடை வைத்திருந்த ராவுத்தர், அவர்கள் விட்டுப்போன கார்களை வாங்கிப் பக்கத்துக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார். துரைசானிகளிடம் ஆங்கிலத்திலும் வாங்க வருகிறவர்களிடம் தமிழிலும் பேச என்னை வேலைக்கு வைத்தார். மதராஸில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, குளுவாங்கில் அண்ணன் வீட்டில் 'இன்னும் ஒன்றும் அமையாத தங்கச்சி'யாக இருந்தவள் நான். கொட்டகை மூலையில் எனக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். அதில் உட்கார்ந்த பிறகுதான், அதுவரை பிறர் வீட்டு நாற்காலிகளில் எவ்வளவு ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன் என்பது தெரிந்தது.

வரிசையின் கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன கார் நின்றது. நாலு சிலிண்டர். பெட்ரோலைக் குடிக்காது, முகர்ந்து பார்க்கும். ஒரே ஒரு குணம்: குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால், வெண்பாவின் ஈற்றடி போல மூன்று சீரோடு நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் நாலாவதும் வந்து சேரும். பொறுப்பவர் யாரும் வரவில்லை. ராவுத்தர் ஒரு நாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஏ புள்ள, பெரிய மழைக்கு முன்னாடி இது போவணும். போவலன்னா காருக்கு ஒரு சலாம் போட்டுட்டு, மல்லி மொளகாயோட நிம்மதியா இருந்துக்குவேன். நீயும் குளுவாங்குக்கு ரயிலேறிக்க."

ஓர் எழுத்து

கொட்டகை வாசலில் 'பழைய கார்கள் விற்பனைக்கு' என்று பலகை இருந்தது. படித்துவிட்டு ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். படித்த படிப்பு எங்கேயாவது உதவட்டும் என்று, 'ழை'யின் கொம்பை அழித்து ஒரு 'கி'யைச் செருகினேன். 'பழகிய கார்கள்' ஆயிற்று. பழையது என்றால் ஒருவர் தூக்கிப் போட்டது. பழகியது என்றால் ஒருவர் வைத்து வாழ்ந்தது. ராவுத்தர் இரண்டு தரம் படித்து, தலையை ஆட்டி, எனக்கு ஒரு சர்பத் வரவழைத்தார்.

மறுநாள் தபால் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். என் கவிதை ஒருவருக்காவது உறைத்ததே என்று பூரித்து எழுந்துபோனேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு கேட்டார்: "எழுத்து ஒண்ணு கூடியிருக்கே, அதுக்கு வெலையில எவ்வளவு கூட்டுனீங்க?"

துரை உட்கார்ந்த இடம்

செனாய்ப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு பெரிய கங்காணி வந்தார். வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டேஷனுக்கும் மாதத்துக்கு ஒரு தரம் கோயிலுக்கும் போகவேண்டும், அவ்வளவுதான் தேவை என்றார். சாம்பல் வண்டி அதற்கென்றே பிறந்தது. நான் கதவைத் திறந்து காட்டினேன். அவர் அதைத் தாண்டி, தம் தோட்டத்துத் துரை விட்டுப்போன ஆறு சிலிண்டர் அமெரிக்க வண்டியின் பின் இருக்கையில் ஏறி, துரை சாய்ந்து சாய்ந்து குழிந்திருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "ஐயா, இது டின் டின்னா பெட்ரோல் கேக்கும்" என்றேன். அவர் காதில் விழவில்லை. அந்தக் குழியில் உட்கார்ந்தவருக்கு எது காதில் விழும்?

சில வாரம் கழித்து ராவுத்தரோடு அந்தப் பக்கம் போனபோது, செம்மண் சாலையில் அந்த வண்டி வந்தது. முன்னால் இரண்டு மாடுகள் பூட்டியிருந்தன. கங்காணி அதே குழியில், தலைப்பாகையோடு சாய்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லையா என்ற கேள்வியோடு நான் மாடுகளைப் பார்த்தேன். கேட்காமலே பதில் சொன்னார்: "மாடு இழுத்தாலும் தொர வண்டி தொர வண்டிதாம்மா."

டிக்கி

அந்தக் காலத்து டிக்கி சாமான் வைக்கிற இடமல்ல. இரண்டு பேர் உட்காரும் காரின் முதுகைத் திறந்தால், வானத்தைப் பார்த்தபடி ஓர் இருக்கை இருக்கும். புதிதாகக் கல்யாணமான வாத்தியார் ஒருவர் மனைவியோடும் மாமியாரோடும் வந்து, அப்படிப்பட்ட ஒரு சிவப்பு வண்டியின் முன்னால் மயங்கி நின்றார். மூன்று பேருக்கும் ஒரே கூரை இருக்கட்டுமே, இந்த ஊர் மழை தெரியாதா என்று நான் சாம்பல் வண்டியைக் காட்டினேன். வாத்தியார் என்னைத் தனியே அழைத்து, "ஒரே கூரைதாங்க இப்ப எங்களுக்குள்ள பிரச்சினையே" என்றார் மெதுவாக.

அதற்குள் மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மட்கார்டின் மேல் கால் வைத்து டிக்கியில் ஏறிவிட்டார். பாலம் வரைக்கும் ஓட்டிக் காட்டச் சொன்னார். கடல் காற்றில் கொண்டை அவிழ்ந்து, மேலெல்லாம் புழுதியோடு திரும்பி வந்தார். போச்சு, சிவப்பு வண்டி விலைபோகாது என்று நினைத்தேன். அவர் இறங்கவே இல்லை. அங்கிருந்தபடியே உத்தரவு போட்டார்: "மாப்ள, இதையே வாங்குங்க. இங்க உக்காந்தா நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுறது காதுல விழல."

அன்னாசி

தேவையை அளந்துகொண்டு வந்தவரும் உண்டு. அன்னாசித் தோட்டத்துச் சீனர் ஒருவர், காலிக் கூடைகளோடு லாரியில் வந்து இறங்கினார். விலை கேட்கவில்லை. சாம்பல் வண்டியின் பின் இருக்கையைக் கழற்றச் சொல்லி, கூடைகளை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். எல்லாம் உள்ளே போயின, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நெடுக்காக, குறுக்காக, தலைகீழாக வைத்துப் பார்த்தோம். நான் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லாததுதான் குறை. கடைசியில் அவர் கூடைகளை இறக்கி, இருக்கையைத் தாமே திரும்ப மாட்டி, எனக்கு ஆறுதல் சொன்னார்: "கார் பாகுஸ்லா, ரொம்ப நல்ல கார், மிஸ்ஸி. அன்னாசிதான் கொஞ்சம் பெருசு."

நல்ல ஆளாக ஒருவர்

கிழக்கே மேகம் கட்டத் தொடங்கியது. அந்த ஞாயிறு குளுவாங்குக்குப் போனவள், கோயில் முற்றத்தில் அண்ணனைத் தனியே பிடித்துச் சொன்னேன்: "நல்ல ஆளா யாராச்சும் இருந்தா அனுப்பி வைங்கண்ணே. இனிமே தள்ளிப்போட முடியாது." அண்ணன் கண் கலங்கியது. கார் வியாபாரத்தின் நிலைமைக்கு இவ்வளவு இரங்குகிறாரே என்று எனக்கே வியப்பாக இருந்தது.

அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். ஒரு வயதான அம்மாள், அவர் தம்பி, அம்மாளின் மகன். மகன் செனாய்ப் பக்கம் நாலைந்து தோட்டங்களுக்கு ஒரே டிரெஸராக, மருந்துப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைகிறவர். "ஒங்க அண்ணன் சொன்னாரு. பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் தாய்மாமன். நான் நேரே சாம்பல் வண்டியிடம் அழைத்துப்போனேன்.

டிரெஸர் தலை நிமிரவில்லை. குனிந்தபடியே, தேய்ந்திருக்கிறதா என்று பிரேக் மிதிகட்டையின் ரப்பரைத் தடவினார். ஈரம் உண்டா என்று தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தார். "சூடாக்கி வெச்சிருக்கீங்களா? குளுந்த வண்டியாக் கெளப்புங்க, கேப்போம்" என்றார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. முன்னாலிருந்த கைப்பிடியைச் சுற்றிவிட்டதும் மூன்று சீர் ஒலித்தது. அவர் கையை உயர்த்தி, யாரும் பேசாதீர்கள் என்பதுபோல் நின்றார். நாலாவது வந்து சேர்ந்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

அம்மாளோ வண்டியை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இத்தன நாளா அமையாம இருக்கே, காரணம் ஏதும் உண்டா?"

"காரணம்னு இல்லம்மா. வர்றவங்க எல்லாரும் பளபளன்னு எதிர்பாக்குறாங்க."

"உள்ளுக்குள்ள கொற ஏதும்?"

"காலையில கொஞ்சம் மொணங்கும். அதட்டுனா நடக்காது. பொறுமையா வெச்சிக்கிட்டா கடைசிவரைக்கும் கூட வரும்."

அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒளிக்காமச் சொல்றியே, தாயீ" என்றபோது குரல் உடைந்தது. கார்களிடம் இவ்வளவு பாசம் வைத்த ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமன் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குத் திருப்தி. மத்ததப் பேசிடலாமா?"

நான் பழகிய குரலில் கேட்டேன்: "மொத்தமாக் குடுத்துடுறீங்களா, மாசத் தவணையா?"

"நாங்க குடுக்கணுமா?" மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மாப்ள வீட்டுக்காரங்கம்மா நாங்க!"

அண்ணன் கண் கலங்கியதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மசாலாக் கடைப் பக்கத்திலிருந்து ராவுத்தரின் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை. நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தகரக் கூரையைப் பார்த்தேன். அதில் முதல் துளி விழுந்தது. அந்த நேரத்தில் வண்டிக்குள்ளிருந்து, இதில் எதுவும் காதில் விழாத டிரெஸரின் குரல் வந்தது: "மாமா, எனக்குப் புடிச்சிருக்கு."

அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "பொண்ணையாய்யா?"

அவர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தார். "பொண்ண அப்புறம் பாத்துக்கலாம்மா. வண்டிய வேற எவனாச்சும் ஓட்டிக்கிட்டுப் போயிருவான்."

மூன்றும் ஒன்றும்

மழைக்கு முன்னால் சாம்பல் வண்டி போயிற்று. ராவுத்தர் கொட்டகையை மூடவில்லை, என் நாற்காலியும் போகவில்லை. டிரெஸர் சொன்ன அந்த 'அப்புறம்' மட்டும் வரவில்லை. தவணை கேட்ட பெண் வேண்டாம் என்று மாமன் உறுதியாக இருந்தாராம். அண்ணன் என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை. டிரெஸர் அவ்வப்போது பிளக் வாங்க வருவார், விலை கேட்பார், போவார். காலையில் தெருமுனையில் அந்த வண்டியின் சத்தம் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். நாலாவது சீர் வருகிறவரை, ரசீது அடித்துக்கொண்டிருக்கும் என் கையும் டைப்ரைட்டரின் மேல் நின்றுவிடும்.

பிறகு ஒரு நாள் பக்கத்து இருக்கையில் மனைவியோடு வந்தார். சின்னப் பெண், தலை நிறைய மல்லிகை. அவர் உள்ளே பிளக் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் இறங்கி வந்து என்னிடம் சிரித்தாள். "இவரு ஒங்களப் பத்தித்தான் அடிக்கடி சொல்வாரு, மிஸ்ஸி. 'அன்னிக்கு அவங்க ஒரு கொறையும் மறைக்கல, அதான் நம்பி எடுத்தேன்'ம்பாரு."

அந்தத் தொழிலில் இருந்தவரை, தம் தேவைக்கு ஏற்ற பழைய காரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர் என்று நான் ஒரே ஒருவரைத்தான் பார்த்தேன். அவர் அன்றைக்கு என்னைப் பார்க்க வந்தவர்.