பிஸ்கட் டப்பாவில் ஒரு ரிலே

எனக்குக் கை சும்மா இருக்காது. அலுவலகத்தில் வேலை இல்லாத நேரத்தில் ஸ்டேப்ளரைக் கழற்றி மாட்டுவேன். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, தலைக்கு மேல் கிறீச்சிடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு ஏணி எங்கே இருக்கும் என்று யோசிப்பேன். பொம்பளைக்கு எதுக்கு சால்டரிங் அயர்ன் என்று கேட்டவர்கள் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டு ரேடியோவுக்கும் மிக்ஸிக்கும் நான்தான் வைத்தியம் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

இன்று அந்த வீடுகளில் நான் தொட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. ரேடியோக்கள் எடைக்குப் போயின. நான் செய்து கொடுத்த எமர்ஜென்சி விளக்குகள் இருந்த இடத்தில் இன்வர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற பெட்டியை, தூக்கத்தைக் கெடுக்கிறது என்று என் நாத்தனார் கழற்றிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. பாபநாசத்துக்குப் பக்கத்தில் தம்பியின் வயலில், மோட்டார் கொட்டகைச் சுவரில் தொங்குகிற பெட்டி. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்ததும் மோட்டாரைப் போடுவதும், ஒரு ஃபேஸ் போனால் உடனே நிறுத்துவதும் அந்தப் பெட்டியின் வேலை. வருஷக்கணக்கில் அது ஒழுங்காக ஓடியது.

போன குறுவைக்கு நாற்று விட்ட சமயம், காலையில் தம்பி போன் செய்தான். "அக்கா, உன் பெட்டி போச்சு. கரண்டு வந்துருக்கு, மோட்டார் எடுக்கல."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெட்டியைத் திறந்ததுமே கருகிய வாசனை வந்தது. ரிலே எரிந்திருந்தது. ரிலே என்றால் தீப்பெட்டி அளவில் ஒரு சுவிட்ச். வாய்க்கால் மடையைத் திறந்துவிடும் ஆள் மாதிரி, சின்ன மின்சாரத்தை வாங்கிக்கொண்டு பெரிய மின்சாரத்துக்கு வழிவிடும். தம்பி கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியர். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு நானே தட்டி விட்டுக்குறேன். நாளைக்கு லீவு கெடையாது. செல்போன்லேயே மோட்டாரைப் போடுற பெட்டி ஒண்ணு வந்துருக்காம், கடைக்காரர் காலையில வந்து மாட்டிடுறேங்கறார்."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுடா."

"எதுக்குக்கா அலையுற?"

இந்தப் பெட்டியும் இறங்கிவிட்டால், என் கையால் செய்தது எதுவும் எங்கேயும் ஓடிக்கொண்டிருக்காது. ஆன்லைனில் தேடினேன். இதே மாதிரி கால்கள் உள்ள ரிலே வந்துசேர ஒரு வாரம் ஆகும் என்றது.

தஞ்சாவூருக்குப் போனேன். என்னைப் போலக் கை சும்மா இருக்காத நாலைந்து பேர் பழைய பார்ட்ஸ் வாங்குகிற கடை இருந்த இடத்தில் செல்போன் கவர்கள் சரம் சரமாகத் தொங்கின. உள்ளே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ரிலேயா? கார் ஹெட்லைட்டுக்கு வேணும்னா மெக்கானிக் கடையில கேளுங்க மேடம்." அடுத்த தெருவில் இருந்த கடை பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்தது பிரியாணிக் கடை. எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை, ஆனால் நல்ல கோபம். ஒரு டீகூடக் குடிக்காமல் அம்மாப்பேட்டை வழியாகக் கூத்தாநல்லூருக்கு வண்டியை விட்டேன்.

கூத்தாநல்லூரில் ஒரு பாய் கடை உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் டேப், டெக், ஏ.சி., ஃபிரீசர் எல்லாம் ஒருநாள் வாயைப் பிளக்கும். அவற்றை வாங்கிப் பிரித்து விற்பார். அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே எங்கள் கூட்டத்துக்கு உட்கார இடம் கிடைக்காது. ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்காக முழு டெக்கையும் வாங்க வேண்டியிருக்கும். வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டு, மீதியில் நல்லதாக இருப்பதை மேஜை ஓரத்தில் இருக்கும் பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் போவோம். "யாருக்காவது ஆகும்" என்று சொல்லிக்கொண்டே போடுவது வழக்கம். எடுப்பதற்குக் காசு கிடையாது. ஒன்று எடுத்தால் ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான். நான் போடுவதை மட்டும் மீட்டரில் சோதித்து, நன்றாக இருந்தால் அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். அந்த மேஜையில் நெயில் பாலிஷ் வைத்திருந்த ஆள் நான் ஒருத்திதான். அதற்காக மற்றவர்கள் செய்யாத கேலி இல்லை.

எங்களில் யாரும் வீட்டில் உபரி வைத்துக்கொண்டதில்லை. இரண்டு கிடைத்தால் ஒன்றை டப்பாவில் போட்டுவிடுவோம். கடை எங்கே போய்விடப்போகிறது என்று இருந்தோம்.

கடை திறந்திருந்தது. பாதி அலமாரி காலி. பாய் சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா! பாத்து எவ்வளவு நாளாச்சு. நாளைக்கு வந்திருந்தா என்னைப் பாத்திருக்க மாட்டீங்க. எல்லாத்தையும் எடைக்குப் போட்டாச்சு, வண்டி காலையில வருது."

"அந்தப் பிஸ்கட் டப்பா, பாய்?"

"அந்தா, சாக்குக்குப் பக்கத்துல கெடக்கு. தேடிப் பாருங்க."

டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். தூசியில் தும்மல் வந்தது. டையோடுகள், துருப்பிடித்த ஸ்பீக்கர் காந்தம், வாலறுந்த வயர்கள். அடியில் ஒரு ரிலே. அதே அளவு, அதே கால்கள். அதன் தலையில் வெளுத்துப்போன ஒரு சிவப்புப் பொட்டு.

ஒரு ஃபிரீசரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஜோடியாகக் கிடைத்தவற்றில் ஒன்றைத் தம்பியின் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு, மற்றதை நான்தான் இதில் போட்டிருந்தேன். யார் வீட்டிலோ ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். இத்தனை காலமும் ஒருவர்கூட அதை எடுக்கவில்லை. கிடைத்துவிட்டதே என்று குதிக்க வேண்டிய நேரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கைப்பையில் துழாவி, ஒரு நல்ல ஃபியூஸை டப்பாவில் போட்டேன்.

"எதுக்கும்மா? நாளைக்கு டப்பாவோட போகப்போவுது" என்றார் பாய்.

"இருக்கட்டும் பாய்" என்றேன். நீடாமங்கலம், வலங்கைமான் என்று எங்கேயும் வண்டியை நிறுத்தவில்லை.

வெயில் தாழ்வதற்குள் ரிலேயைப் பெட்டியில் பற்றவைத்து முடித்தேன். கரண்ட் வந்ததும் ரிலே 'டக்'கென்று பிடித்தது, மோட்டார் உறுமிக்கொண்டு எடுத்தது, குழாயில் தண்ணீர் கொட்டியது. தம்பி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"கடையெல்லாம் மூடிட்டாங்கன்னியே, இதை எங்க புடிச்ச? மேல செவப்பா என்னமோ இருக்கு?"

"கூத்தாநல்லூர்ல ஒரு டப்பாவுல கெடந்துது. செக் பண்ணினது, நல்லா இருக்குன்னு அடையாளம். யாரோ போட்டு வெச்சிருக்காங்க."

அவனுக்கு ஒரே சந்தோஷம். கடைக்காரருக்குப் போன் போட்டு, காலையில் வர வேண்டாம் என்று சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

"பரவால்லக்கா. உன்னை மாதிரியே இன்னொரு ஆளும் இருக்காங்க பாரு. நாளைப்பின்ன இது போனாலும் அவங்ககிட்ட கேட்டுக்கலாம்ல?"

"கேட்டுக்கலாம்டா" என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த மூடியை மறுபடியும் இறுக்க ஆரம்பித்தேன்.