செம்மநத்தம் லைனும் லண்டன் லைனும்

போன வருஷம் மகன் என்னை வெல்ஸ் என்ற ஊருக்கு அழைத்துப் போனான். இங்கிலாந்தில் அவன் வேலை பார்க்கும் இடத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பெயர்தான் நகரம். நம் ஏற்காடு ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் அந்த ஊரை முழுக்கப் பார்த்துவிடலாம். அத்தனை சின்ன ஊருக்கு நடுவே, அளவு தெரியாமல் யாரோ கட்டிவிட்டதுபோல அவ்வளவு பெரிய கதீட்ரல். சுற்றிலும் ஆடு மேயும் பச்சைக் குன்றுகள். மகனும் மருமகளும் குன்றுப் பக்கம் நடந்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினார்கள். என் முழங்கால் அதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாது. கதீட்ரல் முன்னால் இருந்த புல்வெளியில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரம் என்று சொன்னவர்கள் மூன்று மணி நேரமாகியும் வரவில்லை. மழை பெய்து விட்டிருந்தது. பழைய கல்லில் ஈரம் ஊறினால் ஒரு வாசனை வருமே, அது. பக்கத்துக் கடையிலிருந்து காப்பி வாசனை. போதாததற்குக் குன்றுகளின் மேலிருந்து பனிமூட்டம் இறங்க ஆரம்பித்தது. அவ்வளவுதான், பெஞ்சை விட்டு எழுந்து குன்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் நனைந்துபோய் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். ஆனால் பனி இறங்கும் நேரத்தில் மலைக்குப் போனவர் திரும்பவில்லை என்றால், நான் எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும் ஏற்காட்டின் ஒரு டிசம்பர் மாதத்துக்குப் போய்விடுகிறேன். வெல்ஸ் என்று ஓர் ஊர் இருப்பதே அந்த டிசம்பரில்தான் எனக்குத் தெரியவந்தது.

அப்போது நான் ஏற்காடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா ஒரு எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷ்தான் எனக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்தது. எக்ஸ்சேஞ்ச் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டுக் கட்டடம். முன்னறையில் வெளியூருக்கு ட்ரங்க் கால் பேச வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த மரக்கூண்டு ஒன்று. பின்னறையில் நானும் என் போர்டும், பேட்டரியின் புளித்த நெடியும். ஊரில் யாராவது போனின் கைப்பிடியைச் சுழற்றினால் போர்டில் அவர்களுடைய துளைக்கு மேலிருக்கும் சின்ன மூடி 'டக்'கென்று விழும். நான் வயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். யாரும் நம்பர் சொன்னதில்லை. "டாக்டரய்யா ஊட்டுக்குப் போடு கண்ணு" என்பார்கள். டாக்டர் வீட்டில் இல்லை, மருந்துக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். நேரே அங்கேயே கொடுப்பேன். இந்த மலையில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அது அந்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை இறங்கியது.

அன்று காலை ஹில்டா என்ற வயதான வெள்ளைக்கார அம்மாள் வந்து இங்கிலாந்துக்கு ஒரு கால் பதிவு செய்தார். வெல்ஸில் இருக்கும் மகளோடு பேசவேண்டும். மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. இதற்கு முன்னால் இரண்டு கரு தங்கவில்லை. இந்த முறை படுக்கையை விட்டு எழவே கூடாது, மனசு அலைபாயக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேலம், மதராஸ், பம்பாய், லண்டன் என்று கைமாறிப் போகும் அந்தக் கால் இரண்டு மணி நேரத்திலும் வரலாம், எட்டு மணி நேரத்திலும் வரலாம். மத்தியானமாக வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

இரண்டு மணிக்கு வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. கணவர் ஆர்தர் காலை ஒன்பது மணிக்கு லாட்ஜை விட்டு நடந்து போனவர், இன்னும் திரும்பவில்லை. அவர் இந்த மலையில் பிறந்தவர். அவருடைய அப்பா ஏதோ எஸ்டேட்டில் மேனேஜராக இருந்தாராம். பிறந்த வீட்டைத் தனியாகத்தான் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாகப் போயிருக்கிறார். அந்த எஸ்டேட்டின் பெயர் அம்மாளுக்குச் சரியாக ஞாபகமில்லை. ஞாபகமிருந்தாலும் பயனில்லை, எஸ்டேட்டுகள் பலவற்றுக்குப் பெயர் மாறிவிட்டது. லாட்ஜ்காரர்கள் ஜீப்பை வாழவந்திப் பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

"அவருக்குச் சர்க்கரை நோய். காலையில் ஊசி போட்டுக்கொண்டார். நேரத்துக்குச் சாப்பிடவில்லை என்றால் மயக்கம் வரும். அப்போது உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். கையில் ரொட்டி எடுத்துப்போனார், ஒரு பொட்டலம்" என்று இங்கிலீஷில் மெதுவாக, நான் எழுதிக்கொள்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நான் போர்டில் உட்கார்ந்து எஸ்டேட் எஸ்டேட்டாகக் கூப்பிட்டேன். தலைச்சோலைப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. மிச்சமிருந்தது செம்மநத்தம் லைன். அதுதான் கடைசி லைன். மழை பெய்தால் இரையும், காற்றடித்தால் அறுந்துபோகும். அந்தக் கோடியில் ஒரே ஒரு போன், எஸ்டேட் ஆபீசில், கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுசாமியின் மேசைமேல். காப்பிப்பழம் பறிக்கிற காலம் என்பதால் ரைட்டர் காட்டில் இருந்திருப்பார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மூன்று மணிக்குப் பனி இறங்கியது. எதிரே இருந்த மிட்டாய்க்கடை முதலில் மறைந்தது, அப்புறம் ரோடே மறைந்தது. அம்மாள் முன்வாசலில் நின்று அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

நாலரை மணிக்கு மதராஸ் ஆபரேட்டர் கூப்பிட்டாள். "ஏற்காடு, உங்க லண்டன் பார்ட்டி லைன்ல இருக்கு."

நான் எழுந்து வாசலுக்குப் போய்ச் சொன்னேன். வேண்டாம், ரத்து செய்துவிடு என்பார் என்று நினைத்தேன். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டார், மகள் பார்க்கப்போவதுபோல. "கொடு" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

வெளிநாட்டுக் கால் பேசி முடியும்வரை ஆபரேட்டர் காதை எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் எல்லாம் கேட்டேன். மகளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. நலம் விசாரித்துவிட்டு, "அப்பாவிடம் கொடு" என்றாள்.

"தூங்குகிறார்" என்றார் அம்மாள். "காலையில் நிறைய நடந்துவிட்டார். எழுப்ப மனசில்லை."

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. ஆனால் திறந்திருந்த நடுக்கதவுக்கு அப்பால், கூண்டின் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது, அவருடைய இன்னொரு கை கதவுக் கைப்பிடியை விரல் முட்டி வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தது.

அந்த நொடியில் போர்டில் 'டக்'. செம்மநத்தம்.

என்னிடம் இருப்பது ஒரே காதுக்குழாய். சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு லண்டனிலிருந்து செம்மநத்தத்துக்குத் தாவினேன்.

"ஏனுங்க அம்மணி, ரைட்டர் பொன்னுசாமிங்க. போலீஸ் ஸ்டேசனுக்குக் குடுங்க."

"என்னங்க ஆச்சு?"

"ஒரு வெள்ளக்காரக் கெழவருங்க. நொம்பக் குடிச்சுப்போட்டு நம்ம ஆபீசுக்குக் கீழ, காப்பி பறிக்கிற குப்பாயி ஊட்டு வாசல்ல வந்து உழுந்து கெடக்கறாரு. வேர்த்து ஊத்துது, பேச்சுக் கொளறுது. 'ஆயா, ஆயா'ன்னு தமிழ்ல பொலம்பறாரு. அந்தப் புள்ள பயப்படுதுங்க."

"ரைட்டருங்க, அது குடியில்லைங்க. அவருக்குச் சக்கர வியாதி. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருக்காரு. ஓடிப்போயி சக்கரை குடுங்க."

இரைச்சலுக்கு மேலே அவர் குரலை உயர்த்தினார்.

"சக்கர வியாதிக்காரருக்குச் சக்கரைங்களா? ஏனம்மணி, ஆளக் கொல்லச் சொல்றீங்களா?"

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவர் கேட்டதில் என்ன தப்பு? சர்க்கரை நோய் என்றால் சர்க்கரையைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்பதுதான் எனக்கும் அதுவரை தெரிந்தது. இரண்டு மணிக்கு அம்மாள் சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா? கொடுக்க வேண்டும் என்றாரா, கொடுக்கக் கூடாது என்றாரா? கேட்க வேண்டிய ஆள் பத்தடி தூரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறார். குறுக்கே நுழைந்து கேட்டால் வெல்ஸில் படுக்கையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்.

"நாஞ்சொல்றனுங்க ரைட்டரு. ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலையில போடுங்க. மயக்கத்துல இருக்கறவருக்குத் தொண்டையில ஊத்திப்போடாதீங்க, பொறையேறிரும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்திருக்காங்க. கன்னத்துக்குள்ள தடவச் சொல்லுங்க. நல்லா முழுங்குனாருன்னா அப்புறமா காப்பி குடுங்க, இனிப்பு அதிகமாப் போட்டு."

போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தேய்ந்துபோனது.

திரும்ப லண்டனுக்கு வந்தால் மதராஸ்காரி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்துவிட்டதாம், மூன்று முறை கூப்பிட்டாளாம். மகள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள், வயிற்றில் குழந்தை உதைக்கிறதாம். "அப்பாவிடம் சொல்" என்றாள். லைன் போனது.

அம்மாள் கூண்டை விட்டு வந்து என் முகத்தைப் பார்த்தார். வெளியாட்கள் வரக் கூடாத பின்னறைக்குள் நேரே வந்துவிட்டார். நான் சொல்வதற்கு முன் கேட்டேன், "மேடம், சர்க்கரை கொடுக்கத்தானே சொன்னீர்கள்?"

"ஆமாம். அவர் அகப்பட்டுவிட்டாரா? யார் கொடுத்தார்கள்?"

அந்த 'ஆமாம்' கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழுகையோடே நடந்ததைச் சொன்னேன். செம்மநத்தம் லைன் திறந்தே கிடந்தது. காதுக்குழாயை இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, தலையோடு தலை வைத்து உட்கார்ந்திருந்தோம். காற்று இரைந்தது. தூரத்தில் நாய் குரைத்தது. அம்மாளிடமிருந்து லாவெண்டர் பவுடரும் வேர்வையும் கலந்த ஒரு வாசனை. இருபது நிமிஷம் இருக்கும். மற்ற மூடிகள் டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தன, ஒன்றையும் எடுக்கவில்லை. ஏற்காட்டில் அன்று யாரும் யாரோடும் பேசவில்லை.

செருப்புச் சத்தம்.

"அம்மணி, இருக்கறீங்களா? எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. இப்ப இங்கிலீசுல பேசறாரு, ஒண்ணும் வெளங்கல. குப்பாயி வெல்லக் காப்பி ரெண்டு லோட்டா குடுத்துட்டா. மூணாவது கேக்கறாரு, குடுக்கலாமுங்களா?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். "முதலில் அவரை நன்றாகத் திட்ட வேண்டும். அழுவதெல்லாம் அப்புறம்" என்றார்.

ஜீப் போய் ஆர்தரை இருட்டுவதற்குள் அழைத்துவந்தது. ரொட்டிப் பொட்டலத்தைக் குரங்கு பிடுங்கிவிட்டதாம். பிறந்த வீடு அகப்படவில்லை. இடித்துக் களமாக்கிவிட்டிருந்தார்கள், அதில் காப்பி காய்ந்துகொண்டிருந்ததாம். பனியில் வழி தவறி, வெளிச்சம் தெரிந்த முதல் வாசலில் விழுந்திருக்கிறார். குப்பாயியை ஆயா என்று கூப்பிட்டது அவருக்கு ஞாபகமே இல்லை. சின்ன வயதில் அவரைத் தூக்கி வளர்த்த ஆயாவோடு போன தமிழ், அறுபது வருஷம் எங்கே கிடந்து அன்றைக்கு வந்ததோ.

திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. வெளிநாட்டுக் காலை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டிருந்தார்கள். காதுக்குழாய் கழன்று விழுந்துவிட்டது என்று எழுதிக்கொடுத்தேன். ஊருக்குக் கிளம்பும் முன் ஹில்டா அம்மாள் வந்து போர்டுக்குப் பக்கத்தில் நின்றார். "அன்று நான் மகளிடம் சொன்னது உனக்குக் கேட்டதா?" என்றார். "இல்லை மேடம். ஆபரேட்டர் காதில் எதுவும் விழாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்திருந்தார். அடுத்த வருஷம் ஒரு கதீட்ரல் படம் போட்ட அஞ்சலட்டை வந்தது. பெண் குழந்தை, இருவரும் நலம். கீழே கோணல் கையெழுத்தில், சர்க்கரைக்கு நன்றி, ஆர்தர். வீடு மாற்றியதில் எங்கோ தொலைத்துவிட்டேன். முகவரியும் அதோடு போயிற்று. புல்வெளி பெஞ்சில் உட்கார்ந்து, நாற்பது வயதுப் பெண் யார் போனாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மகனிடம் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. சேலத்திலிருந்து வந்த ஆட்கள் அரை நாளில் என் போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். என்னைக் கீழே சேலத்தில் பில் பிரிவில் போட்டார்கள். பொன்னுசாமி ரைட்டர் ஒரு முறை அங்கேயே கூப்பிட்டு, "இந்த நம்பரெல்லாம் நமக்கு ஒத்து வரலீங்க. டாக்டரு ஊட்டுக்கு நீங்களே போட்டுக் குடுங்க" என்றார். என்னால் போட்டுக் கொடுக்க முடியவில்லை. டாக்டர் எங்கே இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த வருஷம் ரைட்டர் போய்ச் சேர்ந்தார். குப்பாயி திருப்பூருக்கு மகனோடு போய்விட்டாள் என்றார்கள்.

இங்கிலாந்திலிருந்து ஊருக்குத் திரும்பியதும் ஒரு நாள் ஏற்காட்டுக்குப் போனேன். ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது பச்சைப் பெயின்ட் அடித்த டெலிபோன் இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. கிட்டப் போய்க் காதை வைத்துப் பார்த்தேன். தானாக இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை.