அக்கா கோர்த்த அழைப்பிதழ்

விருத்தாசலம் பக்கத்து மங்களூரில் எங்கள் குடும்பத்தின் மூத்த மகளாய்ப் பிறந்த அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், விருத்தாசலத்தில் அச்சகம் வைத்திருந்த மாமாவுக்கு அக்காவை மணமுடித்துக் கொடுத்தார் அப்பா. அச்சுக் கோர்ப்பவர் வேலையை விட்டுப் போகவே, அக்காவே எழுத்துப் பெட்டிகளின் முன் நின்றார். பீங்கான் கம்பெனிகளின் விலைப்பட்டியலுக்காகச் சென்னையிலிருந்து ஓர் ஆங்கில அச்செழுத்து வகையை வரவழைத்தவரும் அவர்தான். அதில் தடித்த கோடு தூண் போல நிற்கும். மெல்லிய கோடு தலைமுடி அளவே இருக்கும். நுனிகளில் சின்னஞ்சிறு குறுக்குக் கோடுகள்.

"இத நெருக்கிக் கோத்தா மூச்சு முட்டும்டா. சுத்தி வெத்து எடம் வுடணும். முரட்டுத் தாள்ல அடிச்சா மெல்லிசுக் கோடு ஒடஞ்சு தெரியும்" என்பார் என்னிடம். பெயர்களுக்கும் தலைப்புகளுக்கும் மட்டுமே அதை எடுப்பார். பீங்கான் முதலாளிகள் தங்கள் வீட்டுத் திருமணங்களுக்கும் அந்த எழுத்தையே கேட்டு வந்தார்கள்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் மாமா ஒரு தாளை நீட்டினார். பெண்ணாடத்துப் பெண்ணோடு அவருக்கு இரண்டாம் திருமணம்.

"ஒன் மெல்லிசு எழுத்துலயே கோத்துடு. அழைக்கிறவங்க வரிசையில மொதல்ல ஒம் பேரு இருக்கணும். அப்பதான் ஊரு வாய மூடும்."

"எம் பேருமாங்க?"

"ஏன், நீ இந்த வூட்டு ஆளு இல்லியா?"

அக்கா கோர்த்தார். அடித்த முதல் தாளைக் கொடுத்து, "தப்பு இருக்குதா பாருங்க" என்றார். மாமாவின் தாயார் அதை வாங்கிப் பார்த்து, "பெத்துப் போட வக்கில்ல, பத்திரிக மட்டும் நல்லாப் போடுறா" என்று சிரித்தார். அக்காவே அழைத்திருக்கிறாரே என்று உங்களில் பலரும் அந்தத் திருமணத்துக்குப் போய் வந்தீர்கள்.

திருமணத்தன்று காலையே அக்கா ஒரு மாற்றுப் புடவையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் வேறோர் அச்சகத்தில் வேலை பார்த்துத் தனியே வாழ்ந்தார். யாரையும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்பில் கட்டி வந்து படுத்துவிட்டபோது மாமா ஒருமுறை வந்தார்.

"எதுனா வேணுமா?"

"அந்த எழுத்த எனக்குக் குடுத்துடுங்க."

"அத அப்பவே உருக்கிப் போட்டாச்சு. ஈயந்தான?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் இறந்த அன்று அக்கா குடியிருந்த வீட்டுக்கு மாமா வண்டியோடு வந்து நின்றார். "கட்டுனவன் வூட்லேர்ந்துதான் பொணம் போவணும்" என்றார். கூடியிருந்த பெரியவர்கள், "அதான் மொற" என்று தலையாட்டினார்கள். அக்காவோடு வேலை செய்த அச்சகத் தொழிலாளர்கள் மட்டும் வாசலில் குறுக்கே நின்று, "தூக்க வுடமாட்டோம்" என்றார்கள். மாமா வெறும் வண்டியோடு திரும்பினார்.

மருத்துவமனையில் இரவு பகல் பாராமல் துணையிருந்த அண்டை வீட்டுப் பெண்களுக்கு எங்கள் நன்றி. வாசலை விட்டு நகராத அந்தத் தொழிலாளர்களுக்கு எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டுள்ளது. தலையாட்டிய பெரியவர்களுக்கும் தவறாமல் இம்மலரை அனுப்பியிருக்கிறேன். படிக்கட்டும்.