புளியடிக்கு வந்த பருத்தித்துறை பஸ்

எங்கள் சந்தியில் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்து ஏறும் வழக்கம் ஒருவருக்கும் இருக்கவில்லை. எந்த பஸ் எங்கே நிற்கும் என்பது காலுக்குத் தெரியும். புளியடியில் நிற்பது பளை பஸ். தேத்தண்ணிக் கடைச் சுவரோரம் நிற்பது பருத்தித்துறை பஸ். ரயில் கடவைக்குப் பக்கத்தில் நிற்பது யாழ்ப்பாணம் போவது. இவற்றுக்கு நடுவே தட்டிவான்கள் தேங்காயையும் மரக்கறிக் கடகங்களையும் ஏற்றிக்கொண்டு தங்களுக்கு வசதியான இடத்தில் நிற்கும். வெளியூர்க்காரர் யாராவது வந்து பெயர்ப்பலகையைத் தேடினால் நாங்கள் இரக்கத்தோடு பார்ப்போம். சண்டை ஓய்ந்து ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. தென்மராட்சியின் அந்தச் சின்னச் சந்தியில் காலையில் மூன்று திசைச் சனமும் வந்து இறங்கி, மூன்று திசைக்கும் மாறி ஏறிப் போகும்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பளைப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலையில் நிரந்தர நியமனமில்லாத தொண்டர் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் ஊர் பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கினால் பளை பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது நாங்களல்ல, எங்கள் பைகள். வரிசையில் பையை வைத்துவிட்டுப் புளியமர நிழலில் போய் நின்று ஊர்க்கதை கதைப்போம். பஸ் வந்ததும் அவரவர் பையை எடுத்துக்கொண்டு அவரவர் இடத்தில் ஏறுவோம். அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

அந்த இருபத்தைந்து நிமிடத்துக்குள்தான் காலை ரயில் வரும். ஸ்ரேசன் வாசல் சந்திக்கு மறுபக்கம் பார்த்திருந்தது. ரயிலால் இறங்கியவர்கள் சாமான் கொட்டிலைச் சுற்றி, கடவையைக் கடந்து பருத்தித்துறை பஸ்ஸுக்கு வரவேண்டும். பஸ்ஸோ பொறுக்காது. அதனால் எல்லாரும் ஓடுவார்கள். அப்படி ஓடி வருகிறவர்களில் ஒருவரைத்தான் நான் கலியாணம் செய்வதாக இருந்தது.

அவர் நெல்லியடிப் பக்கம் ஒரு கந்தோரில் கிளாக்கர். சாதகம் பொருந்தி, கோயிலில் வைத்து இரண்டு பகுதியும் ஆளை ஆள் பார்த்து, எல்லாம் முற்றான மாதத்திலேயே அவருடைய தகப்பனார் மோசம் போய்விட்டார். வருஷம் முடிந்து வரும் ஆட்டைத் திவசம் கழியும்வரை அந்த வீட்டில் நல்ல காரியம் இல்லை. அதுவரை போக்குவரத்தும் இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கலியாணப் புறோக்கர்தான் குடையும் கையுமாக வந்து சொல்லிவிட்டுப் போவார். சந்தியில் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தா. நான் ஓம் என்றேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

அவரும் பார்ப்பார். ஓடுகிற மனிதன் முன்னுக்குப் பார்த்து ஓடவேண்டாமா? ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைப் புளியடிப் பக்கம் திருப்பியபடி வருவார். ஒருநாள் அப்படி வந்து, பாய் விற்கிறவரின் பாய்க்கட்டோடு மோதி விழப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். அவருடைய குரல் எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் பிறகு பெரிய உபத்திரவமாகப் போனது.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு நான் தெரிவானதாகக் கடிதம் வந்தது. இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்கவேண்டும். இரண்டு தடவை விண்ணப்பித்துக் கிடைக்காமல் மூன்றாம் தடவை கிடைத்த இடம். அதை விட்டால் சாகும்வரை தொண்டர்தான். கடிதம் வந்த கிழமையே புறோக்கரும் வந்தார். மாப்பிள்ளையால் அவ்வளவு காலம் பொறுக்க முடியாதாம், திவசம் முடிந்த கையோடு கலியாணத்தை வைக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டி வருமாம். மாப்பிள்ளை தன் வாயால் சொன்னதாகவே சொன்னார். அம்மா எனக்கும் சேர்த்து உடனேயே யோசித்து முடித்துவிட்டா. ஐயா மட்டும் கடிதத்தை மடித்து என் கையில் தந்து, நீ யோசி பிள்ளை என்றார்.

யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. பாய்க்கட்டில் மோதி விழப் பார்த்த அந்த மனிதருக்கா இவ்வளவு அதிகாரம்? அவர் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தால் கலியாணமே வேண்டாம் என்று சொல்ல நான் தயார். சொல்லாமல் இருந்தால்? அதை அவரிடமே கேட்க வேண்டும். எங்கே வைத்துக் கேட்பது? எனக்கு இருந்த ஒரே இடம் சந்திதான். அதையும் அந்தச் சமயம் பார்த்துக் கிண்டிப் போட்டிருந்தார்கள்.

ரயில் பாதையோரம் கிடந்த வெறுங்காணியையும் சேர்த்து பஸ் நிலையத்தைப் பெருப்பிக்கும் வேலை. ஓர் ஓவசியர் அளவு நாடாவோடும் மடித்த வரைபடத்தோடும் காலைகளில் வருவார். முதல் நாள் வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணப் பார்த்து, பைகளைக் கண்டு திகைத்து, இதெல்லாம் ஆருடைய பை என்று கேட்டார். நிழலுக்குள் நின்ற நாங்கள் எல்லாரும் கையை உயர்த்தினோம். நல்ல மனிதர். வரைபடத்தை விரித்து எங்களுக்கும் காட்டினார். ஸ்ரேசனிலிருந்து நேரே பஸ் நிலையத்துக்குத் திறக்கிற ஒரு சின்னப் படலை வரும், கூரையும் இருந்து காத்திருக்க வாங்குகளும் வரும், தண்ணீர்க் குழாய் வரும், பஸ்களுக்கு இலக்கம் போட்ட இடங்கள் வரும். இனி ஒருவரும் ஓடத் தேவையில்லை என்றார்.

பளைக்குப் போகிறவர்கள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். அதையும் யோசித்துத்தான் நேரம் மாற்றியிருப்பதாக அவர் பெருமையோடு சொன்னார். வெள்ளிக்கிழமையிலிருந்து பளை பஸ் ரயில் வருவதற்கு முன்பே போய்விடுமாம், எங்களுக்குக் காத்திருக்கும் கரைச்சலே இல்லையாம். மற்றவர்கள் சந்தோசப்பட்டார்கள். எனக்கு அந்த வரைபடத்தைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

வியாழக்கிழமை திறப்பு விழா. வெள்ளிக்கிழமைக்குள் என்னுடைய பதில் தபாலில் போகவேண்டும். வாழை கட்டி, மாவிலைத் தோரணம் கட்டி, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். இலக்கம் எழுதிய கம்பங்களை வாழைகள் மறைத்துக்கொண்டு நின்றன. மறைக்காவிட்டாலும் நாங்கள் பார்த்திருக்கப் போவதில்லை. படலைக்குக் கிட்ட இருந்ததால் புளியடியைப் பருத்தித்துறை பஸ்ஸுக்குக் கொடுத்து, பளை பஸ்ஸைத் தேத்தண்ணிக் கடைக்கு அப்பால் தள்ளியிருந்தார்கள். அது ஓவசியர் காட்டிய வரைபடத்திலும் இருந்ததுதான். எங்கள் கால்கள் புளியடிக்குப் போயின. பைகளை வழக்கம்போல வரிசையாக வைத்தோம்.

அன்று பஸ் கொஞ்சம் முந்தியே வந்தது. முன்னுக்கு ஏறிய ஒரு பெண்ணிடம் யன்னலுக்குள்ளால் என் பையைக் கொடுத்து, எனக்கும் ஓர் இடம் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் நெரிபட்டு ஏறினேன். இடம் பிடிப்பதில் இருந்த கவனம் பஸ்ஸில் ஒருவருக்கும் இருக்கவில்லை. நடத்துநர் வாயைத் திறந்து திறந்து மூடியது தெரிந்தது. நாதஸ்வரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் ரயிலும் வந்துவிட்டது. புதுப் படலையால் சனம் ஆறுதலாக நடந்து வந்து ஏறியது. அவரும் சாப்பாட்டுப் பெட்டியோடு முன்வாசலால் ஏறிச் சாரதிக்குப் பின்னால் நின்றார்.

ஐயோ பாவம், பளை பஸ்ஸில் ஏறிவிட்டாரே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இறங்கி ஓட வேண்டியவர் இப்படி நிற்கிறாரே என்று பதைத்தேன். அதே நேரம் இவரிடம் கேட்பதற்கு இதைவிட்டால் சந்தர்ப்பம் இல்லை என்றும் ஒரு மனம் சொன்னது. என்ன சொல்லித் தொடங்குவது என்று நான் வசனம் கட்டிக்கொண்டிருக்க, பஸ் பருத்தித்துறை வீதியால் வடக்கே திரும்பியது.

அதன் பிறகு எழும்பிய ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. எங்கடை பஸ் எங்கை போகுது என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே குரலில் கேட்டார்கள். தான் தொண்டை கிழியக் கத்தியதாக நடத்துநர் சத்தியம் செய்தார். சாரதி அரைக் கட்டை தூரம் போய் பஸ்ஸை நிறுத்தினார். பைகளையும் சேலைத் தலைப்புகளையும் இழுத்துக்கொண்டு நாங்கள் இறங்கினோம். பஸ் புறப்பட்டுப் போன பிறகு திரும்பிப் பார்த்தால், புழுதிக்குள் சாப்பாட்டுப் பெட்டியோடு அவரும் நிற்கிறார்.

மற்றப் பெண்கள் ஓவசியரைத் திட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் பின்தங்கினேன். கட்டி வைத்திருந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"உது உங்கடை பஸ்தானே? நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்?"

"நீங்கள் மாறி ஏறினதை அங்கையே பாத்தனான்" என்றார். நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல். "சொன்னா இறங்கிப் போடுவீங்கள் எண்டு பேசாமல் நிண்டிட்டன்."

அந்த நேரத்தில் என் மனம் இளகாமல் இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"கலாசாலைக்கு நாளைக்குள்ளை பதில் போடவேணும். உங்களாலை ரெண்டு வருஷம் பொறுக்க ஏலாது எண்டு சொன்னனீங்களாம். அது உண்மையோ?"

அவர் நின்றுவிட்டார். எந்தக் கலாசாலை என்று கேட்டார். கடிதத்தைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. பெண் பகுதிக்குத்தான் அவசரம் என்றும், திவசம் முடிந்த கையோடு கலியாணத்தை வைக்கச் சொல்லி நான் வீட்டில் கரைச்சல் கொடுப்பதாகவும் அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. நானா என்று கேட்டேன். ஓம், நீங்கள்தான் என்றார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் குடையோடு நடந்த புறோக்கர், தன் தரகுக் காசு பிந்திவிடுமே என்று, அவருக்கு என் வாயாலும் எனக்கு அவர் வாயாலும் கதைத்திருக்கிறார். முதலில் அவர் சிரித்தார், பிறகு நானும் சிரித்தேன். முன்னால் போன பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சந்திப் பக்கம் திரும்பி மதகடிவரை நடந்தோம். அங்கே வந்ததும் அவர் சாப்பாட்டுப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்.

"அவசரம் இல்லை எண்டு நான் பொய் சொல்லமாட்டன். எனக்கு அவசரம்தான். ஆனா நீங்கள் போங்கோ. எங்கடை அம்மாவோடை நான் கதைக்கிறன்."

பாடசாலைக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்திப் போனேன். அதிபர் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு கீறிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பஸ் மாறி ஏறிவிட்டேன் என்றேன். இவ்வளவு சந்தோசத்தோடு பஸ் மாறி ஏறிய ஆளைத் தான் கண்டதில்லை என்றார். இடைவேளையில் பதிலை எழுதி, தபாற்கந்தோரில் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.

நான் கலாசாலைக்குப் போய்ச் சில மாதங்களில் மறுபடி சண்டை தொடங்கியது. ரயில் நின்றது. பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லை. புதுக்கூரைக்குக் கீழே சைக்கிள்கள்தான் நின்றன என்று ஐயா சொன்னார். கலாசாலையும் இடையிடையே மூடப்பட்டு, இரண்டு வருஷம் மூன்றாகியது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்குப் பெற்றோரும் சகோதரரும் மட்டுமே வரலாம். ஐயா கைதடிப் பாலம் தாண்டிச் சைக்கிளில் வருவார். அவரும் கூடவே உழக்கி வந்து, ஐயாவை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே வீதியில் நிற்பார்.

மூன்றாம் வருஷத்தில் ஒரு ஞாயிறு, ஐயாவுக்குக் காய்ச்சல் என்று தனியாகவே வந்தார். பெண்ணின் அண்ணனோ என்று விடுதிப் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார். ஓம் என்று சொல்லியிருந்தால் உள்ளே வந்திருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்றார். நான் படலைக்கு ஓடினேன். அம்மா தந்துவிட்ட பையைக் கம்பிக்கு மேலால் தந்து, நல்லாய்ப் படிக்கிறீங்களோ என்று கேட்டார். மெலிந்து கறுத்துப் போயிருந்தார். இன்னும் எத்தனை மாதம் என்று அன்றும் கேட்கவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பொறுப்பாளருக்கும் கேட்கட்டும் என்று பலமாகவே சொன்னேன்.

"இனி எனக்குத்தான் அவசரம்."