பரோட்டா மாஸ்டர் வீட்டுப் பீட்சா

நான் பரோட்டா மாஸ்டர். மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு கடையில் இருபது வருஷத்துக்கு மேலாக மாவு பிசைகிறேன். அடக்கமாகப் பேசுகிறவர் வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும். நான் வீசிய மாவைத் தூக்கிப் பிடித்தால், அதன் வழியே சுவரில் இருக்கும் விலைப்பட்டியலைப் படிக்கலாம். திருவாதவூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களுக்குப் பிறந்தவன் நான். இன்று என் கைக்காகச் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டமே காத்து நிற்கிறது என்றால் பெருமை இருக்காதா? நிறையவே இருக்கிறது.

அப்படிப்பட்டவன் வீட்டில்தான் கோதுமை ஆகாத பிள்ளை பிறந்தாள்.

மகளுக்கு மூன்று வயது நடக்கும்போது வயிறு உப்பிக்கொண்டது, கை கால் மெலிந்துபோனது. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். கடைசியில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். கோதுமையில் இருக்கிற பசைச்சத்து இவள் குடலுக்கு ஆகாது. மைதா, ரவை, சேமியா, பிஸ்கட் எதுவும் கூடாது. ஒரு துணுக்குக்கூடக் கூடாது, ஆயுசுக்கும் கூடாது. "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தீட்டு என்றால் அது மைதாதான். வேலை முடிந்து ஒத்தக்கடை வீட்டுக்கு வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். கடைக் கைலிக்கும் துண்டுக்கும் தனி வாளி, தனிக் கொடி. பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிற வயதில், "தொடாத தாயி, அப்பா குளிச்சிட்டு வாரேன்" என்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டுச் சமையல் முழுக்க என் மனைவியின் கை. இட்லி, தோசை, சோறு என்று நம் சாப்பாட்டில் பெரும்பகுதி அரிசியாக இருப்பதால் பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள். ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து என் கையால் செய்தது எதையும் அவள் ஒரு வாய் தின்றதில்லை. ஊருக்கெல்லாம் ஆக்கிப்போடுகிறவனுக்கு அது எப்படி உறுத்தும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. போன வருஷம் கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தியின் பிறந்தநாள் என்று பீட்சாக் கடைக்குப் போனாள். கையோடு ஒரு டப்பாவில் எலுமிச்சைச் சோறு. திரும்பி வந்தவள் அழவும் இல்லை, குறைப்படவும் இல்லை. காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "ஏம்மா, அப்பாவுக்கு பீட்சா செய்யத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"உங்கப்பாவுக்கு மைதா இல்லாட்டி ஒண்ணுந் தெரியாது" என்றாள் என் மனைவி.

நான் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறேன் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பேன்.

மகள் போனில் ஒரு வீடியோ தேடிக் காட்டினாள். காலிஃப்ளவரைத் துருவி, வேகவைத்து, முட்டையும் சீஸும் சேர்த்து வட்டமாகத் தட்டி, அதன்மேல் பீட்சாவுக்கு உள்ளதையெல்லாம் போடுகிறார்கள். மாவு என்ற பேச்சே இல்லை. இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட்டுக்குப் போய் நல்ல வெள்ளைப் பூவாகப் பார்த்து இரண்டு எடுத்தேன். "என்னண்ணே, பக்கோடாவா?" என்றான் கடைக்காரன். பீட்சா என்றேன். "நீங்க வேறண்ணே, காலையிலேயே" என்று சிரித்துக்கொண்டு எடைபோட்டான்.

வீடியோவை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மாஸ்டருக்கு எதற்குப் பாடம்? துருவி அவித்த காலிஃப்ளவரில் முட்டையை உடைத்து ஊற்றி, எண்ணெய் விட்டுப் பிசைந்தேன். உருட்டினேன். ஈரத்துணி போட்டு மூடி ஊறவைத்தேன். பரோட்டா மாவை அப்படித்தான் செய்வோம். ஊற ஊற இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். துணியை விலக்கியபோது உருண்டையைக் காணவில்லை. தண்ணீர் விட்டுக்கொண்டு தட்டு முழுக்கப் பரவிக் கிடந்தது. விட்டேனா பார் என்று அள்ளி இரண்டு தட்டுத் தட்டினேன். சுவரெல்லாம் தெறித்தது.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "இது கூட்டா, பொரியலா? சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கன கொழம்பு வைப்பேன்."

ஆட்டுக்குட்டிபோலத் துள்ளித் துள்ளிச் சிரித்தாள் மகள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லாமல்.

அடுத்த வாரம் மறுபடியும் இரண்டு பூ வாங்கிவந்து, வீடியோவைக் கடைசிவரை பார்த்தேன். மாவில் இழுவையைக் கொடுப்பது எதுவோ, அதுதான் என் மகளுக்கு விஷம். காலிஃப்ளவரில் அது கிடையாது, அதனால் அதை இழுக்கவும் முடியாது, வீசவும் முடியாது. முதலில் தண்ணீரைப் போக்க வேண்டும். அவித்ததை ஆறவைத்து, துணியில் கட்டி முறுக்கினேன். இதற்கு மட்டும் என் கை உதவியது. மூட்டை மூட்டையாக மைதா பிசைந்த கை. ஒரு பூவுக்குள் இம்புட்டுத் தண்ணீர் இருக்குமா என்று மனைவியே வாயைப் பிளந்தாள். துணிக்குள் பிடி உருண்டையாக மிஞ்சியது. அதில் முட்டையும் சீஸும் சேர்த்து, கோலா உருண்டைக்குப் போடுகிற மாதிரி கொஞ்சம் பொட்டுக்கடலையை வீட்டு மிக்ஸியில் பொடித்துப் போட்டேன். வீடியோவில் பொட்டுக்கடலை கிடையாது, அது என் யோசனை. உதிராமல் சேர்ந்துகொண்டது.

வட்டமாகத் தட்டி, தோசைக்கல்லில் போட்டு, மூடிவைத்துச் சிறு தீயில் விட்டேன். அடுப்பு அவசரப்பட்டால் அடி கருகி நடு வேகாது. தட்டைக் கவிழ்த்துப் புரட்டியபோது விளிம்பு முறுகி, முகம் பொன்னிறமாக இருந்தது. மேலே தக்காளித் தொக்கு, குடைமிளகாய், வெங்காயம், சீஸ். துண்டு போட்டு எடுத்தால் வளையாமல் நிமிர்ந்து நின்றது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதன்முதலில் பரோட்டா வீசிய அன்றுகூட எனக்கு அப்படி ஒரு திமிர் வரவில்லை.

மகள் தட்டைக் கையில் வாங்கினாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு அடுப்பு மேடையைப் பார்த்தாள்.

"அப்பா, எந்தப் பலகையில தட்டுன?"

என் பலகையில்தான். கடையில் கிரானைட் மேடை போட்டபோது முதலாளி எனக்குக் கொடுத்த பழைய மரப்பலகை. அது வீட்டுக்குள் வந்ததே இல்லை, பின்பக்கச் சாய்ப்பில்தான் கிடக்கும். அன்றைக்கு, வட்டம் சரியாக வர வேண்டுமே என்று எடுத்துவந்திருந்தேன்.

"நல்லா சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காயவச்சுத்தான் எடுத்தேன் தாயி."

"மரத்துல ஊறியிருக்கும்ப்பா" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேலா, பலகைமேலா, என்மேலேயா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. "ஒரு வாய் தின்னா செத்தா போயிருவ?" என்று கேட்டுவிட்டேன். அவள் கண் கலங்கியது, ஆனால் கை தட்டுப் பக்கம் போகவில்லை. நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

வாசலில் நிற்க நிற்கத்தான் புத்தி வந்தது. இந்தப் பிள்ளைக்கு நாங்கள் நாலு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது இதைத்தானே. யார் கொடுத்தாலும் கேள். எதில் செய்தது என்று கேள், எந்தக் கரண்டி போட்டார்கள் என்று கேள். டீச்சரிடம் கேட்டிருக்கிறாள், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவரிடம் கேட்டிருக்கிறாள். இன்று என்னிடமும் கேட்டாள். ஆசையாகக் காத்திருந்த பண்டம் மூக்குக்கு நேரே இருக்கிறது, செய்தவன் அப்பன், அவன் முகமும் வாடிக் கிடக்கிறது. அப்படியும் வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியாது. அவள் என்னைவிடக் கெட்டி. கூட்டத்தைக் காக்கவைக்கிறேன் என்று எனக்கு இருந்த பெருமையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

உள்ளே போய், "நீ கேட்டது சரிதான் தாயி. அப்பாதான் தப்பு" என்றேன். அந்தப் பீட்சாவை நானும் மனைவியும் தின்று தீர்த்தோம். நல்ல ருசி, அதுவேறு வயிற்றெரிச்சல்.

மீதி இருந்த ஒரு பூவை மறுநாள் எடுத்தேன். உள்ளூர் விடுமுறை என்பதால் அவளும் வீட்டில் இருந்தாள். ஒவ்வொரு சாமானாக அவள் முன்னால் கொண்டுபோய்க் காட்டினேன். துருவி, வீட்டுத் துருவி. இட்லிப் பானை, அம்மாவுடையது. பிழிகிற துணி, அன்று காலையில் வாங்கிய புது மல்லுத் துணி. தட்டுவதற்குப் பலகைக்குப் பதில் வாழையிலை, எண்ணெய் தடவி. கல், நேற்றுப் பீட்சா சுட்டது இல்லை, அரிசித் தோசை தவிர வேறு கண்டிராத இன்னொன்று. பெரிய அதிகாரிமாதிரி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பொட்டுக்கடலை வாங்கிய கடையில் மைதாவும் சில்லறைக்கு அள்ளுவார்களே என்று அதற்கும் ஒரு கேள்வி. சீல் வைத்த பாக்கெட்டைக் காட்டிய பிறகுதான் விட்டாள். இலையில் தட்டிய வட்டம் ஒரு பக்கம் கோணிப்போனது. நான் அதைத் திருத்தவில்லை.

துண்டு போட்டுக் கொடுத்தேன். ஊதினாள், கடித்தாள். மென்றாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டாவது கடி கடித்து, அதையும் மென்று முழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு கொஞ்சம் கம்மிப்பா."

பிழிவதற்கு முன்னாலேயே உப்புப் போட்டிருந்தேன், அது தண்ணீரோடு போயிருக்கும். கடையில் யாராவது இப்படிச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சால்னாவை ஊத்தித் தின்னுங்கண்ணே என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன். எத்தனையோ பேர் என் கையில் தின்று எத்தனையோ குறை சொல்லியிருக்கிறார்கள். என் மகள் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து வைத்தேன். அவள் துளி உப்பைத் தூவிக்கொண்டு, அடுத்த துண்டை எடுத்தாள்.