கால் முந்தி வந்தவன்

நான் இந்த உலகத்துக்குக் கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தேன். தலை பின்னால் வந்தது. இதை அம்மா தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என்று கிடைத்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். கால் முந்திப் பிறந்தவன் உதைத்தால் முதுகுப் பிடிப்பும் இடுப்புப் பிடிப்பும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம். அதனால் விவரம் தெரிந்த நாளிலிருந்தே என் இடது கால் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

அது ஊருக்குச் சொந்தம். தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியவர்களுக்கு, சிலிண்டரை மாடி ஏற்றியவர்களுக்கு, இப்போதெல்லாம் ஜிம்மில் அவசரப்பட்ட பையன்களுக்கு, நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் வளைந்து கிடக்கும் பெண்களுக்குச் சொந்தம். கடலூரில் என் வீட்டுக் கூடத்தில் யாராவது குப்புறப் படுத்திருப்பார்கள். நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மெதுவாக மூன்று முறை உதைப்பேன். உதை என்று பெயர்தானே தவிர, தூங்கும் பூனையைத் தள்ளுகிற அளவுதான் இருக்கும். வலது கால் ஆகாது, வலி வேறு இடத்துக்கு ஓடிவிடும். உதை வாங்கியவர் நன்றி சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. உதைக்கிறவன் குளித்திருக்க வேண்டுமா கூடாதா என்பதில் மட்டும் தெருவில் இரண்டு கட்சி உண்டு.

எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒவ்வொருவரிடமும் சொல்வேன்: வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், முட்டியை மடக்கி எடை தூக்குங்கள், ஒரே இடத்தில் உட்கார்ந்தே கிடக்காதீர்கள், ஒரு வாரத்தில் விடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பஸ் ஸ்டாண்டு அறிவிப்பைக் கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொள்வார்கள். பிறகு, "சரி சார், ஒதைங்க" என்பார்கள்.

வாடகை வீடு மாற்றிப் பார்த்தேன். எங்கள் சாமான் வண்டி புதுத்தெருவுக்குள் நுழையும் முன்பே செய்தி நுழைந்திருந்தது. சென்னையில் ஒரு வேலைக்குப் போய், ஒரு மழைக்காலம் முழுக்க யாரையும் உதைக்காமல் இருந்தேன். அந்த அறையில் எழுத உட்கார்ந்தால் வரிகள் வரும், தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கும். பிறகு அப்பாவுக்கு முடியாமல் போய்த் திரும்பி வந்துவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு முனகல் கேட்டால், பாதி வரியில் பேனாவை மூடிவிட்டு எழுந்து போகும் ஆளாக மறுபடி ஆனேன்.

வேலை சிதம்பரத்தில், ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில். தினமும் தெற்கே போகிறேன். என் மனைவியின் அண்ணன், மச்சான், சிதம்பரத்திலிருந்து தினமும் வடக்கே வருவார். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஃபிட்டர். கம்பெனிகள் ஆரம்பிக்கும் குடிகாடு வரும்போது பஸ்ஸில் அத்தனை பேரும் மூக்கில் கைக்குட்டையை வைப்பார்கள், ஜன்னல்கள் வரிசையாக இறங்கும். அந்தக் காற்றில் நாள் முழுக்க நின்றுவிட்டு மச்சான் ஒரு கட்டி வெல்லம் தின்பார். "நெஞ்சுல இருக்கற கெமிக்கல் எல்லாத்தயும் வெல்லம் இழுத்துக்கும் மாப்ள" என்பார். மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னால், "அதெல்லாம் மூச்சு முட்டும்" என்பார். எதிரெதிர் பஸ்களில் என்றைக்காவது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார். உதை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

அவருடைய மகளுக்கு வளைகாப்பு. மனைவியும் நானும் காலையிலேயே பஸ் ஏறிவிட்டோம். ஆலப்பாக்கத்துக்கு முன்னால் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. பஸ் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. அங்கே மச்சானின் போன் வந்தது.

"எங்க மாப்ள வந்துகிட்டிருக்கீங்க?"

"இன்னும் ஆலப்பாக்கமே தாண்டல மச்சான். ரோடு ஜாம்."

"சரி சரி. வாங்க." வைக்கப் போனவர் மறுபடி கேட்டார். "எப்படியும் வந்துருவீங்க இல்ல?"

விசேஷ வீட்டுக்காரரின் உபசாரம் என்று நினைத்துக்கொண்டேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது கூடம் நிறையப் பெண்கள். கலவை சாதத்தின் வாசனை, பூ, வளையல் சத்தம். மச்சானின் மனைவி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வாங்க. உங்க மச்சான் பின்னாடி ரூம்ல படுத்துருக்காரு. நேத்து காடாம்புலியூர்லேந்து சம்பந்தி பலாப்பழம் கொண்டாந்தாங்க. இவரு ஆளு இருக்கும்போதே தானே தூக்குனாரு. முதுகு புடிச்சிக்கிச்சு. ஒரு ஒதை ஒதைச்சி விடுங்க, வளையல் போடறதுக்குள்ள எழுந்து வரணும்."

பின்னறை சின்னது, கதவு ஒன்றுதான். அந்தக் கதவிலும் ஆட்கள் நின்றார்கள். மச்சான் பாயில் குப்புறக் கிடந்தார். அவரைச் சுற்றி நாலைந்து வைத்தியங்கள் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தன. சோடா குடித்தாயிற்று. மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தாயிற்று. தொப்புளில் விளக்கெண்ணெய், முதுகில் தைலம். தைலத்தின் நெடியில் என் கண் எரிந்தது.

"கேஸ்தான்" என்றார் மாமனார். "நேத்து ராத்திரி கெழங்கு கொழம்பு. வேணாண்டான்னு சொன்னேன், கேட்டானா?"

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு யோசனையின்படி மச்சானை நிறுத்தி நிறுத்தி இருமவும் வைத்திருந்தார்கள். "அது ஹார்ட் அட்டாக்குக்குன்னு இல்ல போட்டுருந்துச்சு?" என்று கதவோரம் யாரோ கேட்டார்கள். "எதுக்கா இருந்தா என்னா, இருமறது நல்லதுதான" என்றார் மாமனார். நாலு பேர் சிரித்தார்கள். மச்சானும் சிரிக்கப் பார்த்தார்.

என் மனைவி சிரிக்கவில்லை. குனிந்து அண்ணனின் நெற்றியைத் தொட்டாள். "ஏன் இப்படி வேர்க்குது? ஃபேன் ஓடுதே."

"ஓமத்தண்ணி குடிச்சிருக்கான். கேஸு வெளிய வந்தா வேர்க்கத்தான் செய்யும்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மச்சான், எங்க வலிக்குது?"

"முதுகுல மாப்ள. அப்படியே தோள்பட்ட. இங்க தாட வரைக்கும், பல்லு வலி மாதிரி."

பலாப்பழம் தூக்கினால் தாடையா பிடிக்கும்? எனக்குள் ஏதோ ஒன்று சட்டென்று எழுந்து நின்றது. "மாமா, இவர உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். ஈசிஜி எடுத்துப் பாத்துடலாம்" என்றேன்.

மாமனாரின் முகம் மாறியது. "பொண்ணு மணைல உக்காந்துருக்கு. இந்த நேரத்துல ஆஸ்பத்திரி பேச்ச எடுக்காதீங்க மாப்ள. நல்ல காரியம் நடக்கற வீடு."

"மாமா, தாடையில வலிக்குதுங்கறாரு."

"ஊருக்கெல்லாம் ஒதைக்கறீங்க, மச்சானுக்கு மட்டும் கிராக்கியா?" என்று கதவோரத்துக் குரல் கேட்டது. மறுபடி சிரிப்பு.

மச்சான் தலையைத் தூக்காமலேயே சொன்னார். "ஒதைங்க மாப்ள. சரியாயிடும். பொண்ணு முன்னாடி போய் நிக்கணும்."

கதவை மறைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேரையும் பார்த்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தது, கேட்டது, தெரிந்தது எல்லாம் என் வாயில் இருந்தன. ஆனால் அந்த அறையில் எனக்கு வாய் இல்லை. ஒரு இடது கால்தான் இருந்தது.

எழுந்து நின்று அவர் முதுகில் பாதத்தை வைத்தேன்.

பிடித்துக்கொண்ட முதுகு எப்படி இருக்கும் என்று என் பாதத்துக்குத் தெரியும். பலகை மாதிரி விறைத்திருக்கும், தொட்டால் துள்ளும், உள்ளே கொதிப்பு இருக்கும். இந்த முதுகு தளர்ந்து கிடந்தது. பனியன் தெப்பலாக நனைந்திருந்தது. அதன் அடியில் உடம்பு சில்லிட்டிருந்தது, விடியலில் கிணற்றடிக் கல்லை மிதித்தது போல. அந்தக் குளிர் என் குதிகால் வழியாக முழங்கால் வரை ஏறியது.

உதைக்காமல் காலை எடுத்துக்கொண்டேன்.

"என்னா மாப்ள?" என்றார் மாமனார்.

"இது புடிப்பு இல்ல மாமா." அப்புறம், எதைச் சொன்னால் அந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்து, அதைச் சொன்னேன். "கால் வேணாங்குது."

மாமனார் ஒரு நிமிடம் என் காலையே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ஆட்டோவ கூப்புடு" என்றார். கதவோரத்துக் குரல்தான் முதலில் ஓடியது. ஈசிஜிக்கு அசையாத கூட்டம் என் பாதத்தின் பேச்சுக்கு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. மச்சானை நடக்கவிடாமல் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். கூடத்தில் பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை, அவர்களுக்கு விஷயம் தெரியாது. எனக்கு வந்த கோபத்தை யார் மீது காட்டுவது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர். ஈசிஜி காகிதச் சுருளைப் பார்த்ததும் அவர் நடையே மாறிவிட்டது. ஊசி, மாத்திரை, ஆக்ஸிஜன். நடுவில் மச்சானிடம் கேட்டார். "எப்பலேந்து வலி?"

"விடியக்காலலேந்து."

"விடியக்காலலேந்தா? இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?"

மச்சான் முகமூடியைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு என்னைக் காட்டினார். "மாப்ள வரட்டும்னு இருந்தேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க டாக்டரா சார்?"

"இல்ல."

"பின்ன?"

"லைப்ரரில வேல பாக்கறேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்? நான் கால் முந்திப் பிறந்தவன் என்றா?

அன்றைக்குப் பஸ் ஊர்ந்த ஒவ்வோர் அடியும் திரும்பி வந்தது. முன்னாலும் பின்னாலும் லாரிகள், நடுவில் நான். அங்கே ஒரு பாயில் அவர் என் காலுக்காகக் காத்துக்கொண்டு, இதயம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு. எனக்கு இந்தக் கால் இல்லாதிருந்தால் விடியலிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரா? அல்லது சோடாவோடு படுத்தே கிடந்திருப்பாரா? இந்தக் கேள்விக்குள் நுழைந்தால் வெளியே வரும் வழி எனக்கு இன்னும் தெரியவில்லை.

மச்சான் பிழைத்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். இதயத்தின் ஒரு பகுதி இனி பழையபடி வேலை செய்யாது என்றார்கள். எடை தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, அந்தக் காற்றில் நிற்கக் கூடாது. கம்பெனி வேலை போயிற்று.

ஆனால் சொந்தக்காரர்கள் சொன்ன கதை வேறு. "கால வச்ச ஒடனே கண்டுபுடிச்சிட்டாரு." அந்தக் கதை சிதம்பரத்திலிருந்து என்னை முந்திக்கொண்டு கடலூருக்கு வந்து சேர்ந்தது. முன்பு இடுப்போடு வந்தவர்கள் இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "கால வச்சிப் பாத்து சொல்லுங்க சார், ஆஸ்பத்திரிக்கிப் போலாமா வேணாமான்னு." முடியாது என்றேன், கத்தினேன், கதவைச் சாத்தினேன். என் கோபம் தணியட்டும் என்று வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் காத்திருப்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஜன்னல் வழியாக அவர்கள் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உள்ளே நடப்பேன்.

கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். வாசலில் போய் நின்று அவளே சொன்னாள். "மொதல்ல ஈசிஜி எடுத்துட்டு வாங்க. டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொன்னாதான் இவரு ஒதைப்பாரு. முன்னாடி ஒதைச்சா பலிக்காது." அதைக் கேட்டார்கள். "ஒதைக்கறதுக்கே டெஸ்ட் கேக்கறாங்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், ஆனால் போனார்கள். என்னை மறுபடி அதே காலில் கட்டிப்போட்டுவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாள் மச்சான் போன் செய்தார்.

"மாப்ள, கழுத்து புடிச்சிக்கிச்சு."

"மச்சான், ஒடனே..."

"போயிட்டு வந்துதான் பேசறேன். ஈசிஜி எடுத்தாச்சு. ஒண்ணுமில்ல, தலகாணி ஒசரம்னுட்டாங்க. அந்த டாக்டரம்மாவே சொல்லிச்சு, 'இப்ப வேணா போய் உங்க மாப்ள கிட்ட ஒதை வாங்கிக்குங்க'ன்னு. எந்த பஸ்ஸுல வரீங்க?"

"வரேன் மச்சான். ஆனா எனக்காகக் காத்துகிட்டு இருக்காதீங்க. நீங்க பாட்டுக்கு உங்க வேலையப் பாருங்க."

"எனக்கு வேற என்னா மாப்ள வேல, காத்துகிட்டு இருக்கறத விட்டா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. அது அடங்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றிருந்துவிட்டு, சட்டையைத் தேடினேன்.